பொட்டு வைத்த காலடி

எனக்கு எண்பத்தாறு வயது. ஏழு பேரை வளர்த்தேன். பெற்றது ஐந்து, செத்துப்போன கொழுந்தனாரின் பிள்ளைகள் இரண்டு. ஏழு பேரும் இருக்கிறார்கள், ஏழு பேரும் நன்றாகச் சாப்பிடுகிறார்கள். இதை முதலில் எழுது என்று பேத்தியிடம் சொன்னேன். அவள் தன் நோட்டில் என்னைப் பற்றி எழுதியபோது இது அதில் இல்லை.

அவள் நர்சிங் படிக்கிறாள். அபூர்வமான நோய் ஒன்று வந்து போன ஒருவரைப் பற்றி எழுதி வரச் சொன்னார்களாம். வெளியே தேடுவானேன் என்று என் காலைப் புரட்டிப் பார்த்துவிட்டு எழுதிக்கொண்டு போனாள். வாசித்துக் காட்டு என்றேன். வாசித்தாள்: "பெண். வயது நாற்பது. விவசாயக் கூலி. வலது உள்ளங்காலில் சில வருடங்களாக ஒற்றைக் கட்டி. சிவப்பு நிறம். வலியில்லை. இலேசாகத் தேய்த்தாலே ரத்தம் கசியும். தீங்கற்றது. அறுத்து எடுக்கப்பட்டது."

கட்டியைப் பற்றி அவள் எழுதியதெல்லாம் சரி. என்னைப் பற்றி எழுதியதில் ஒரு சொல் தப்பு. அதற்காகத்தான் அவளை மறுபடி உட்கார வைத்திருக்கிறேன். எனக்கு எழுத்து அறவே வராது என்றில்லை. பெயரைப் போடுவேன், பஸ்ஸில் ஊர்ப்பெயர் படிப்பேன். இவ்வளவு நீளத்துக்கு வராது, அவ்வளவுதான். அவள் எழுதட்டும், நான் சொல்கிறேன். அவசரம் ஒன்றுமில்லை.

எங்கள் ஊர் பாபநாசத்திலிருந்து நாலு மைல். குடமுருட்டித் தண்ணீர் பாயும் பூமி. என் வீட்டுக்காரர் நாலு மா நிலத்தைக் குத்தகைக்குச் செய்துகொண்டிருந்தார். நாலு மா என்றால் ஒன்றேகால் ஏக்கருக்குக் கொஞ்சம் கூட. அதற்குப் பத்திரம் கிடையாது, ரசீது கிடையாது, வாய்ப்பேச்சுதான். நிலத்துக்கு உடையவர் மெட்ராசில் இருந்தார். அவரை நாங்கள் கண்ணால் கண்டது ரெண்டு தடவையோ மூன்று தடவையோ. எல்லாம் அவருடைய காரியக்காரர்தான். நெல் அளந்து வாங்குவதும் அவர், மிரட்டுவதும் அவர்.

என் வீட்டுக்காரர் ஒரு ஐப்பசியில் காய்ச்சல் வந்து போய்விட்டார். கடைசிப் பிள்ளை அப்போது தவழ்ந்துகொண்டிருந்தது. பதினாறு முடிவதற்குள் காரியக்காரர் வந்து நின்றார்.

"ஆம்பள இல்லாத வீட்டுக்கு எதுக்கும்மா நிலம்? விட்டுரு. நடவுக்கு வா, களைக்கு வா, கூலி குடுக்கறோம்."

"நிலம் செத்துப்போகலீங்களே. அவருதானே போனாரு" என்றேன்.

அன்றைக்கு ஆரம்பித்தது. அதற்கப்புறம் இரண்டு வருடம் நாலு மாவையும் நான்தான் செய்தேன். உழவுக்கு மட்டும் ஏர் வைத்திருந்தவரிடம் போவேன். அவர் எனக்கு உழுது கொடுக்க, அவர் நிலத்தில் நான் நட்டுக் கொடுப்பேன். மற்றதெல்லாம் நானும், என் நாத்தனாரும், மூத்த பெண்கள் இரண்டு பேரும். என் நாத்தனார் புருஷனோடு சண்டை போட்டு வந்து எங்களோடு தங்கியவள். வாய் அவளுக்கு அரிவாள். மனசு வேறு.

அந்தக் காலத்தில்தான் மெட்ராசில் ஆட்சி மாறியிருந்தது. எங்கள் தெரு முனையில் கறுப்பு சிவப்புக் கொடி ஒன்று, அடுத்த தெருவில் செங்கொடி ஒன்று. கூலி நெல் அரை மரக்கால் கூட வேண்டும் என்று கேட்டதற்கு அடிதடி, போலீஸ், வெளியூர் ஆட்களைக் கொண்டுவந்து அறுப்பு என்று ஒவ்வொரு போகமும் ஒரு யுத்தம். குத்தகைக்காரன் பெயரைச் சர்க்கார் பதிவேட்டில் ஏற்றலாம், ஏற்றிவிட்டால் எவனும் இறக்க முடியாது என்று சட்டம் வந்திருக்கிறதாகச் சொன்னார்கள். கூட்டங்களில் உழவன், உழவன் என்று தொண்டை கிழியப் பேசினார்கள். நானும் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டேன். நடுகிறவள் எந்தப் பேச்சிலும் வரவில்லை. வரவில்லை என்றால் என்ன, நானே போகிறேன் என்று செங்கொடிச் சங்கத்துக்காரரிடம் மனு எழுதி வாங்கித் தாசில்தார் ஆபீசில் கொடுத்தேன்.

சட்டத்தில் ஒரு சரத்து. நிலத்தில் சொந்த உடம்பால் பாடுபடுகிறவருக்குத்தான் பதிவு. ஆள் வைத்துச் செய்கிறவருக்கு இல்லை. சங்கத்துக்காரர் அதைப் படித்துக் காட்டியபோது எனக்குச் சிரிப்பு வந்தது. என் உடம்பைத் தவிர எனக்கு வேறு ஆள் ஏது?

காரியக்காரர் சிரிக்கவில்லை. அவர் என் உடம்பைத்தான் பிடித்துக்கொண்டார்.

வலது உள்ளங்காலில், கட்டைவிரலுக்குக் கீழே உள்ள மேட்டுக்கும் நடுப்பள்ளத்துக்கும் இடையில், எனக்கு ஒன்று முளைத்து மூன்று வருடம் இருக்கும். முதலில் கால் ஆணி என்று நினைத்தேன். எங்கள் பக்கத்தில் ஆணி என்றால் கருக்கரிவாள் முனையால் சீவிவிடுவோம். சீவினேன். ஆணி என்றால் காய்ந்த தோல் உரியும். இது ரத்தமாகக் கொட்டியது. பத்து நாளில் பழையபடி வந்து உட்கார்ந்தது. மரு என்றார்கள். குதிரை வால் முடியை வாங்கி அடியில் இறுக்கிக் கட்டினேன். அது கட்டுவதற்குத் தோதாகத்தான் இருந்தது. கட்டியைச் சுற்றிலும், தென்னை மரத்துக்குப் பாத்தி எடுத்த மாதிரி, வட்டமாக ஒரு பள்ளம். முடி அதில் அழகாகப் போய் உட்கார்ந்தது. கட்டி விழவில்லை, முடிதான் அறுந்தது. கோயில் குளத்தில் வெல்லம் கரைத்தேன். மீன்களுக்கு நல்ல தீனி. கடைசியில் ஒரு பழுத்த இலந்தைப்பழம் அளவுக்கு, அதே நிறத்தில், அது பாட்டுக்கு இருந்தது. வலி கிடையாது. கல்லில் பட்டால் ரத்தம். துணியைச் சுற்றிக்கொண்டு வேலை பார்த்தேன். சேற்றில் இறங்கும்போது அவிழ்த்துவிடுவேன், ஈரத்துணி நிற்காது.

இதை எவளோ பார்த்துச் சொல்ல, காரியக்காரர் காதுக்குப் போய்விட்டது. ஒரு வாரத்தில் ஊர் முழுக்கப் பேச்சு. எனக்குக் குஷ்டமாம். கால் அழுகுகிறதாம். அது எங்கள் ஜனங்களுக்கே வருகிற வியாதியாம். கூலி நடவுக்குப் போனால் பக்கத்தில் நிற்கிறவள் இரண்டு முழம் தள்ளி நின்றாள். நடவில் எல்லோரும் பின்னால் பின்னால் அடி வைத்துப் போவோம். வரிசையில் இடைவெளி விழுந்தால் பல் விழுந்த வாய் மாதிரி பளிச்சென்று தெரியும். அந்த இடைவெளியில் என் நாத்தனார் வந்து நின்றாள்.

"எல்லாரும் தள்ளிப் போங்கடி. ஒட்டிக்கிட்டா எனக்கு ஒட்டட்டும். என் புருஷன விட மோசமான வியாதியா இது?" என்றாள்.

சிரித்தார்கள். ஆனால் நெருங்கி வரவில்லை.

அந்த வருடம் குறுவைக்கு ஆனியில் தண்ணீர் வந்ததும் நாற்றைப் பறித்து நான்கு பேரும் சேர்ந்து நட்டு முடித்தோம். நடவுக்கு முந்தின நாள் வரப்பின் பக்கங்களைச் செதுக்கி, சேற்றை அள்ளிப் பூசி, மிதித்துவிட வேண்டும். அது ஆண்கள் வேலை. எனக்கு ஆண் ஏது? நானே மண்வெட்டியைப் பிடித்தேன். பூசின ஈரச்சேற்றை நானே காலால் மிதித்து அழுத்தினேன்.

நட்டு ஐந்தாறு நாள் போன பிறகு தாசில்தார் ஆபீசிலிருந்து கடிதாசு. சங்கத்துக்காரர் வாசித்தார். காரியக்காரர் எதிர்மனு கொடுத்திருக்கிறார். "மேற்படி விதவைக்கு வலது உள்ளங்காலில் பழுத்த இலந்தைப்பழம் போன்ற, ரத்தம் வடியும் அழுகல் கட்டி உள்ளபடியால், அவர் சேற்றில் இறங்கச் சக்தியற்றவர். மேற்படி நிலத்தில் இவ்வருடம் வரப்பு வேலையும் நடவும் எங்கள் ஆட்களால் செய்யப்பட்டது." வருவாய் ஆய்வாளர், நாங்கள் ஆர்.ஐ. என்போம், அவர் நேரில் வந்து நிலத்தைப் பார்ப்பார் என்று தேதி போட்டிருந்தது. ஊர்க்கணக்கு எழுதுகிற கர்ணம் காரியக்காரரோடு ஒரே வெற்றிலைப் பெட்டியில் போடுகிறவர், அதனால் கணக்கில் என் பெயர் இருக்காது. ஊரில் எனக்குச் சாட்சி சொல்ல யாராவது வந்தால் நாளைக்கு அவர்களுக்கு வேலை இருக்காது.

நான் வயலுக்குப் போய் வரப்பில் நின்றேன். நாற்று பச்சை பிடித்திருந்தது. இதை நட்டவள் நான் என்று நாற்று சொல்லுமா? அப்போது என் இரண்டாவது பெண், பத்து வயது, மடை ஓரம் குனிந்துகொண்டு கூப்பிட்டாள்.

"அம்மா, இங்க பாரேன். ஒன் காலு மட்டும் பொட்டு வச்சிருக்கு."

போய்ப் பார்த்தேன். பூசின சேறு வெயிலில் காய்ந்து ஓடாகியிருந்தது. அதில் என் காலடிகள். இடது கால் எல்லோருடைய கால் மாதிரி. வலது காலில் கட்டைவிரலுக்குக் கீழே ஒரு சின்னக் குழி, அதைச் சுற்றி மெல்லிய வளையம். என் காலில் மேடும் சுற்றிப் பள்ளமும். சேற்றில் பள்ளமும் சுற்றி மேடும். சேறு ஈரமாக இருந்த அன்றைக்கு மிதித்தவளால்தான் அது விழும். காய்ந்த பிறகு யானை நடந்தாலும் விழாது.

மூன்று வருடமாக எதை அறுத்தெறிய அரிவாளோடு அலைந்தேனோ, அதைப் பார்த்து அன்றைக்கு நான் சிரித்தேன்.

மடை ஓரம் ஆள் நடக்காமல் கருவேல முள்ளை வெட்டிப் போட்டேன். நல்லதாக இருந்த நாலு காலடிகளின் மேல் உடைந்த சட்டிகளைக் கவிழ்த்தேன், மழை வந்தால் கரையாமல் இருக்க.

குஷ்டம் இல்லை என்று ஒரு சீட்டு வாங்கினால் நல்லது என்று சங்கத்துக்காரர் சொன்னார். அதனால் தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறினேன், நாத்தனாரும் வந்தாள். அங்கே ஒரு டாக்டரம்மா. என்னைவிட வயதில் சின்னவர், கண்ணாடி போட்டவர். காலைத் தன் மடிப்பக்கமாக இழுத்து வைத்துப் பார்த்தார். அருவருக்கவில்லை, அதை நான் மறக்கவில்லை. குண்டூசியால் அங்கங்கே தொட்டார்.

"குத்துறது தெரியுதா?"

"தெரியாமயா? கொஞ்சம் பலமாக் குத்தியிருந்தீங்கன்னா ஒதைச்சிருப்பேன்."

அவர் சிரித்துவிட்டு எழுத ஆரம்பித்தார். வயது கேட்டார். எத்தனை வருடமாக, வலி உண்டா, அரிப்பு உண்டா, வேறு எங்காவது இருக்கிறதா, வீட்டில் வேறு யாருக்காவது உண்டா. எல்லாவற்றுக்கும் சொன்னேன். பிறகு, "தொழில்?" என்றார்.

"விவசாயம்."

அவர் இங்கிலீஷில் எழுதினார். ஏதோ சின்னச் சொல்லாக எழுதிய மாதிரி எனக்குப் பட்டது.

"என்னம்மா எழுதினீங்க?"

"கூலின்னு."

"நான் அப்படிச் சொல்லலீங்களே."

"சொந்த நிலமா?"

"குத்தகை. நாலு மா."

"பத்திரம் இருக்கா?"

"பத்திரம் இல்லீங்க. பயிரு இருக்கு. பஸ் ஏறினா ஒரு மணி நேரம், வந்து பாருங்க."

என் நாத்தனார் என் முதுகில் கிள்ளினாள். டாக்டரம்மா என்னைக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். எழுதியதை அடித்துவிட்டு வேறு எழுதினார். தமிழில் படித்தும் காட்டினார்: விவசாயி.

அப்புறம்தான் பெரிய பேச்சு வந்தது. "இது குஷ்டம் இல்ல. சீட்டு தர்றேன். ஆனா என்னன்னு வெட்டி எடுத்து, மெட்ராசுக்கு அனுப்பிப் பாத்தாத்தான் உறுதியாச் சொல்ல முடியும். நல்ல கட்டியாத்தான் தெரியுது. கெட்டதாவும் இருக்கலாம். நாளைக்கே எடுத்துடலாம்."

"நாளைக்கு வேணாம்மா. இன்னும் பன்னண்டு நாள் இருக்கணும்."

"என்னம்மா பேசறீங்க? புத்துநோயா இருந்தா?"

"இருந்தாலும் பன்னண்டு நாள் இருக்கட்டும். அதுக்கு ஒரு வேல இருக்கு."

காரணத்தைச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேனாவை மூடி மூடித் திறந்தார். "சரி. பதிமூணாம் நாள் இங்க இருக்கணும். வரலேன்னா நானே பஸ் ஏறி வருவேன்" என்றார்.

பன்னிரண்டு நாள் அந்தக் கட்டியைப் பொத்திப் பொத்தி வைத்தேன். கல்லில் கால் வைக்காமல், முள்ளில் கால் வைக்காமல், பஞ்சு சுற்றி. என் நாத்தனார் பார்த்துப் பார்த்துச் சிரித்தாள்.

"அண்ணி, பெத்த புள்ளைங்கள இப்படிப் பாத்துக்கிட்டதில்ல நீங்க. ஒரு பேரு வச்சுக் காது குத்திரலாமா?"

"மொதல்ல சாட்சி சொல்லட்டும், அப்புறம் குத்தலாம்" என்றேன்.

வாயால் அப்படிச் சொன்னேன். உள்ளுக்குள் பயம் இல்லாமல் இல்லை. நான் போனால் ஏழும் தெருவில். நிலம் போனாலும் ஏழும் தெருவில். இரண்டில் எது முன்னால் வருமோ அதை முன்னால் பார்ப்போம் என்று இருந்தேன்.

சொன்ன தேதியில் ஆர்.ஐ. வரவில்லை. தாலுகா ஆபீசில் ஜமாபந்திக் கணக்கு வேலையாம், இரண்டு நாள் கழித்து வருகிறாராம். நடுவில் ஒரு சாயங்காலம் மேற்கே கறுத்து, நாலு தூறல் போட்டது. ஓடினேன். சட்டிகள் அப்படியே இருந்தன. பதிமூன்றாம் நாள் நான் ஆஸ்பத்திரியில் இல்லை. டாக்டரம்மாவுக்குக் கொடுத்த வாக்கு பொய்த்தது ஒன்றுதான் இந்தக் கதையில் எனக்கு வெட்கம்.

மறுநாள் காலை ஆர்.ஐ. சைக்கிளில் வந்தார். காரியக்காரர் குடையோடு, கர்ணம் கணக்குக் கட்டோடு, பின்னால் பாதி ஊர். காரியக்காரர் நாலு ஆட்களை நிறுத்தினார். நாங்கள்தான் வரப்பு போட்டோம், நாங்கள்தான் நட ஏற்பாடு செய்தோம் என்று அவர்கள் தரையைப் பார்த்துச் சொன்னார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. அவர்களுக்கும் பிள்ளைகள் உண்டு.

"நீ என்னம்மா சொல்றே?" என்றார் ஆர்.ஐ.

"நான் ஒண்ணும் சொல்லலீங்க. காரியக்காரரு ஐயா என் காலப் பத்தி எழுதியிருக்காருல்ல, அத ஒரு தடவ சத்தமாப் படிங்க."

அவர் படித்தார். வலது உள்ளங்கால். பழுத்த இலந்தைப்பழம் போன்ற கட்டி. காரியக்காரர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார்.

"இந்த ஊருல வேற யாருக்காச்சும் அப்படி இருக்கா, கேளுங்க."

"யாருக்கும் இல்ல. இவளுக்குத்தான்" என்றார் காரியக்காரர், யாரும் கேட்பதற்குள்.

நான் முள்ளை விலக்கிச் சட்டிகளை எடுத்தேன். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. ஆர்.ஐ. சைக்கிளைக் கர்ணத்திடம் கொடுத்துவிட்டு வந்து குந்தினார். விரலை வைத்துப் பார்த்தார். பிறகு வாய்க்காலோரத்து ஈரச்சேற்றைக் காட்டி, "கால வைம்மா" என்றார். பஞ்சை அவிழ்த்துவிட்டு வைத்தேன். எடுத்தேன். குழி, சுற்றி வளையம். அதே இடம், அதே அளவு. கொஞ்சம் ரத்தமும் அதில் நின்றது.

"காலடி எல்லாருக்கும்தான் இருக்கு" என்றார் காரியக்காரர்.

"நீங்களும் ஒரு தடவ மிதிங்களேன், பாப்போம்" என்றாள் என் நாத்தனார் கூட்டத்திலிருந்து. "செருப்பக் கழட்டிட்டு."

கூட்டத்தில் முதலில் யாரோ ஒருத்தி சிரித்தாள். எனக்கு இரண்டு முழம் தள்ளி நின்றவள்தான் என்று நினைக்கிறேன். அப்புறம் எல்லோரும். ஆர்.ஐ. சிரிக்கவில்லை. காரியக்காரரைப் பார்த்து, "சேத்துல எறங்க முடியாதுன்னு எழுதியிருக்கீங்க. எறங்கின காலு இங்க இருக்கு. அடையாளமும் நீங்களே குடுத்திருக்கீங்க" என்றார். நின்றபடியே எழுதினார். கீழே என்னிடம் மைப்பெட்டியை நீட்டினார். அப்போது எனக்குப் பெயர் எழுத வராது. கட்டைவிரலை வைத்தேன். காலும் சாட்சி, கையும் சாட்சி.

அன்று மத்தியானமே பஸ் ஏறினேன். டாக்டரம்மா என்னைப் பார்த்ததும், "ஒரு நாள் லேட்டு. சாயங்கால பஸ்ஸுக்குப் பை எடுத்து வச்சிட்டேன்" என்றார். ஊசி போட்டு மரத்துப்போக வைத்து, சுற்றியிருந்த பள்ளத்தோடு சேர்த்து வெட்டி எடுத்தார். கண்ணாடிப் புட்டியில் போட்டு என்னிடம் காட்டினார். தண்ணீரில் சின்னதாக, வெளிறிப்போய்க் கிடந்தது. இதற்கா இவ்வளவு என்று இருந்தது.

முடிவு வர ஒரு மாதம் ஆனது. அந்த மாதத்தைப் பற்றிச் சொல்ல மாட்டேன். வந்ததும் டாக்டரம்மா எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார். "புத்துநோய் இல்ல. ஒட்டுற வியாதியும் இல்ல. வேர்வ வெளிய வர்றதுக்குத் தோலுக்குள்ள சின்னக் கொழாய் இருக்கு. அதுலேருந்து மொளைச்ச கட்டி. உள்ளங்கால்லதான் அதிகமா வரும், அங்கதான் வேர்வச் சுரப்பி நெறைய. பெரும்பாலும் நாப்பது வயசத் தாண்டினவங்களுக்கு. ஆம்பள பொம்பள கணக்கு இல்ல. ரொம்ப அபூர்வம். விட்டு வச்சா எப்பவாவது ஒருத்தருக்குக் கெட்டதா மாறும், அதனாலதான் எடுக்கச் சொன்னேன்."

"எங்க ஜனங்களுக்குத்தான் வருமாம்மா?"

"யாரு சொன்னா? நான் இதுக்கு முன்னாடி பாத்தது ரெண்டே பேரு. ஒருத்தர் காலேஜ் வாத்தியாரு. இன்னொருத்தங்க பங்களாவுல இருக்கறவங்க, சேத்தையே மிதிச்சதில்ல. கட்டிக்குத் தெருவும் தெரியாது, சாதியும் தெரியாது."

"பாடுபட்டதால வந்துச்சா?"

"அதுவும் தெரியல. ஏன் வருதுன்னு எங்களுக்கே தெரியல."

பாடுபட்டதால் வந்தது என்று அவர் சொல்லியிருந்தால் எனக்குப் பிடித்திருக்கும். மேடையில் சொல்ல நன்றாக இருக்கும். ஆனால் தெரியாததைத் தெரியாது என்று சொன்னாரே, அது அதைவிட எனக்குப் பெரிதாகப் பட்டது. எங்கள் ஊரில் தெரியாதவர்கள்தான் எல்லாம் தெரிந்த மாதிரி எழுதிக் கொடுத்தார்கள்.

அந்தப் பேச்சை அப்படியே கொண்டுபோய் நடவு வரிசையில் சொன்னேன். காலைத் தூக்கித் தையல் தழும்பையும் காட்டினேன். பங்களா அம்மாவுக்கும் வந்ததாம் என்று சொன்னதும் இடைவெளி மூடிக்கொண்டது. மூடிய பிறகும் ஒரு வாரம் நான் யாரோடும் பேசவில்லை. அதுவும் எழுது.

தை மாதம் தாசில்தார் ஆபீசிலிருந்து பதிவு வந்தது. நாலு மா, குத்தகைதாரர் என்று என் பெயர், என் வீட்டுக்காரர் பெயர் இல்லை. காரியக்காரர் மேலே மனு போட்டுப் பார்த்தார், நிற்கவில்லை. பத்துப் பதினைந்து வருடம் கழித்து உடையவரின் மகன் விற்றபோது என்னைத் தாண்டி யாருக்கும் விற்க முடியவில்லை. இப்போது அது என் பட்டா. இந்தப் பேத்தியின் காலேஜுக்குப் போகிற நெல்லும் அதில்தான் விளைகிறது.

அடுத்த குறுவைக்கும் நானே வரப்பு போட்டேன். மிதித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். இரண்டு காலும் எல்லோருடைய கால் மாதிரி இருந்தது. இருக்கட்டும் என்று அடுத்த வரப்புக்குப் போனேன்.

அவ்வளவுதான், பேனாவைக் கீழே வைக்காதே. முதலிலிருந்து எனக்கு வாசி, நிறுத்தி வாசி. உன் நோட்டையும் பக்கத்தில் வைத்துக்கொள். கூலி என்று எழுதியிருக்கிறாயே, அந்த இடம் வந்ததும் அடி. அடித்துவிட்டு டாக்டரம்மா எழுதியதை எழுது. எழுதியதை எனக்குக் காட்டு. அந்த ஒரு சொல்லை நானே படிப்பேன்.